அண்ணன் வாங்கிய கடனுக்கு வீட்டில் இருப்பவர் பதில் சொல்லணுமா?

வேலும் மயிலும் துணை.



வீட்டை விட்டுத் தனியாகப் போய்விட்ட ஒருவர் வாங்கிய கடனுக்கு, வீட்டில் மிச்சம் இருக்கிறவர்கள் எதுவரை கடமைப்பட்டவர்கள்? கேட்டால் சட்டக் கேள்வி மாதிரித் தெரியும். எங்க வீட்டு வாசலில் இது வந்து நின்னப்பதான், இதில் பாதி மனசாட்சிக் கேள்வி என்று எனக்குப் புரிஞ்சது. உங்களில் நிறைய பேர் வீட்டிலும் இது நடந்திருக்கும், வெளியே சொல்லியிருக்க மாட்டீங்க. அதனால எங்க வீட்டுக் கதையை ஒளிக்காமல் சொல்றேன்.

எங்க ஊர் திண்டுக்கல். அண்ணன் திருப்பூரில் வேலைக்குப் போனவன், அப்பாகூட ஒரு சண்டை போட்டுட்டு அங்கேயே தங்கிட்டான். அவனுடைய ஆதாரில் மட்டும் எங்க வீட்டு முகவரி அப்படியே இருந்தது. ஒரு நிதி நிறுவனத்தில் 1,80,000 ரூபாய் பர்சனல் லோன், அதுக்கு மேல ரெண்டு ஆப் கடன். இடையில் அஞ்சு மாசம் வேலை இல்லை. தவணை நின்னுபோச்சு. அவன் போனை எடுக்கவில்லை. அதனால் அவர்கள் எங்க வீட்டுக்கு வந்தார்கள்.

முதல் நாள் கதவைத் திறந்தது நான். "உங்க அண்ணன் எங்கம்மா?" என்று ஒருத்தர் கேட்டார். யோசிக்காமல் சொன்னேன்: "தெரியாது சார். அவன் வீட்டை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. எங்களுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை."

அது பொய். முந்தின வாரம்தான் அவன்கிட்ட பேசியிருந்தேன். அந்த ஆள் எதிர்வீட்டு அக்காவிடம் போய் விசாரித்தார். அவங்க வெள்ளந்தியா, "தீபாவளிக்கு வந்துட்டுப் போச்சே தம்பி" என்று சொல்லிட்டாங்க. அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து குரல் மாறிப்போச்சு. "குடும்பமே சேர்ந்து ஏமாத்துறீங்களா?" என்று தெருவில் நின்று கத்தினார்கள். நாங்கள் ஏமாற்றவில்லை. ஆனால் நான் சொன்ன ஒரு பொய்யால், அதைத் தலை நிமிர்ந்து சொல்லும் தகுதியை இழந்துட்டேன். அவன் கடனில் எனக்குப் பங்கு இல்லை. அந்தப் பொய்யில் முழுப் பங்கும் என்னுடையது.

ரெண்டாவது தடவை வந்தபோது கதவைத் திறந்தது அம்மா. தைப்பூசத்துக்கு மூணு வாரம் இருந்தது. பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டிருந்தாங்க. அதே கேள்வி: "உங்க மகன் எங்க இருக்கார்?"

அம்மா சொன்னாங்க: "தெரியும் தம்பி. ஆனா சொல்ல மாட்டேன்."

வந்தவர் ஒரு நிமிஷம் திகைச்சுப் போயிட்டார். அம்மா தொடர்ந்தாங்க: "மாலை போட்டிருக்கேன், தெரியாதுன்னு பொய் சொல்ல வாய் வரல. பெத்த பிள்ளை இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கவும் மனசு வரல. நீங்க வந்ததை, கேட்டதை ஒண்ணு விடாம அவன்கிட்ட சொல்லிடுறேன். உங்க பேரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

எனக்குத் தெரிஞ்சது ரெண்டே வழிதான்: ஒண்ணு பொய் சொல்றது, இல்ல காட்டிக்கொடுக்கிறது. அம்மா மூணாவது ஒரு வழியில் நடந்து போயிட்டாங்க.

இதை ரொம்ப நாள் யோசித்தேன். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில், யாருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்கிறார். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்கூட அந்த இடத்தில் வாய்மைக்கு நிகர் என்றும் சொல்கிறார். நம்மில் பலர் அதைப் பிடித்துக்கொள்வோம். "அண்ணனைக் காப்பாத்தத்தானே பொய் சொன்னேன்?" ஆனால் அவர் வைத்த நிபந்தனையைக் கவனியுங்கள்: அந்த நன்மையில் குற்றம் இருக்கக் கூடாது. என் பொய் யாருக்கு நன்மை செய்தது? கொடுத்த பணத்தைக் கேட்கும் நியாயம் அந்த நிறுவனத்துக்கு இருக்கு. அதற்குப் பாதகம். ஓடி ஒளிவதையே பழக்கமாக்கிக்கொண்ட அண்ணனுக்கும் பாதகம். எனக்குக் கிடைத்தது ஒரு நாள் நிம்மதி. அதை நன்மை என்று சொல்ல முடியாது.

அப்போ சொல்ல மறுப்பதும் ஒளிப்பதுதானே என்று கேட்கலாம். எனக்கு வித்தியாசம் தெரியுது. பொய் சொன்னால் எதிரில் இருப்பவரைத் தவறான வழியில் அனுப்புகிறோம். மறுத்தால், "இது என் எல்லை" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறோம். செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று அம்மா பொறுப்பும் எடுத்துக்கிட்டாங்க. அந்த ரெண்டாவது பாதி இல்லாமல் வெறுமனே வாயை மூடிக்கொண்டிருந்தால், அதுவும் ஒளிச்சு வைக்கிறதாகத்தான் ஆகியிருக்கும். கடிதம் வந்தால், முக்கியமாக வக்கீல் நோட்டீஸோ கோர்ட் சம்மனோ வந்தால், அதை கிழித்துப் போடாமல் உரியவருக்குத் தெரியப்படுத்துவது நம்ம கடமை.

சரி, பணத்துக்கு வருவோம். அது யாருடைய கடன்?

அந்த நேரம் எனக்கு சேமிப்பு 85,000 ரூபாய் இருந்தது. ஒரு கோர்ஸ் சேர்வதற்காக மூணு வருஷமா சேர்த்தது. ஒரு ராத்திரி எட்டரை மணிக்கு வந்து வாசலில் கத்திட்டுப் போனாங்க. அன்றைக்கு அப்பா சாப்பிடாமல் படுத்துட்டார். "மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்துடுறேன்மா, இந்த அவமானம் வேணாம்" என்று நான் அழுதேன். அம்மா ஒத்துக்கவில்லை. "பயந்து கொடுக்கிற காசு கடனை அடைக்காது புள்ள. அடுத்த கடனுக்கு வழி காட்டும்" என்றாங்க.

நம்ம பெரியவர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. தகப்பன் கடனை மகன் தீர்க்கணும் என்பது பழைய தர்ம சாஸ்திரங்களின் கட்டளை. ஆனால் அதே சாஸ்திரங்கள், தகப்பன் சூதாட்டத்துக்கும் குடிக்கும் பட்ட கடனை மகன் தலையில் கட்டவில்லை. யாக்ஞவல்கிய ஸ்மிருதி இன்னொன்றும் சொல்கிறது: மகன் வாங்கிய கடனைத் தாயோ தகப்பனோ கொடுக்க வேண்டியதில்லை, அது குடும்பத்துக்காக வாங்கியதாக இருந்தால் ஒழிய. இன்றைய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அப்பா தாத்தா பட்ட கடனுக்காக, அதற்குப் பின் வாங்கிய கடன்களில், "மகனின் புனிதக் கடமை" என்ற ஒரே காரணத்தை வைத்து மகன்மேலும் பேரன்மேலும் வழக்குப் போடும் உரிமையை எடுத்துவிட்டார்கள். இறந்தவரின் சொத்து வந்திருந்தால் அந்த அளவுக்குத்தான் வாரிசுக்குப் பொறுப்பு. உயிரோடு இருக்கிற அண்ணனின் கடனுக்குத் தங்கை பொறுப்பு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்துக்கணும். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா? இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ போட்டிருந்தால் கதை வேறு. ஜாமீன் போட்டவருக்குக் கடன் வாங்கியவருக்கு இணையான பொறுப்பு உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் "ரெஃபரன்ஸ்" என்று உங்கள் போன் நம்பரைக் கொடுத்திருப்பது ஜாமீன் ஆகாது. ஒரே ரேஷன் கார்டில் பேர் இருப்பதும் ஆகாது.

"நீ கையெழுத்துப் போட்டிருக்கே" என்று சொன்னால் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சுந்தரமூர்த்தி நாயனார் கதை நமக்குத் தெரியுமே. புத்தூரில் கல்யாணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்திருக்கான், நீ எனக்கு அடிமை" என்று வழக்குப் போட்டார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போச்சு. கிழிந்தது நகல், மூல ஓலை இதோ என்று முதியவர் எடுத்துக் காட்டினார். பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சபை தீர்ப்புச் சொன்னது. வந்தவர் சிவபெருமான். அவரே ஆனாலும் ஆவணம் காட்ட வேண்டியிருந்தது. வசூலுக்கு வருகிறவரிடம் அடையாள அட்டையும் நிறுவனம் கொடுத்த அங்கீகாரக் கடிதமும் கேட்பதில் என்ன தப்பு?

நாங்கள் கேட்டோம். அதோடு ரிசர்வ் வங்கியின் விதியையும் சொன்னோம். 2022 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கைப்படி, காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்து தொந்தரவு பண்ணக் கூடாது. மிரட்டக் கூடாது. ஊரார் முன் அவமானப்படுத்தக் கூடாது. கடன் வாங்கியவரின் குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் ஆகியோரின் தனிமையில் தலையிடக் கூடாது. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் அவர்கள் அனுப்பும் ஆளுக்கும் இது பொருந்தும். ஆப் கடன் கொடுப்பவர்கள் போனில் இருக்கும் கான்டாக்ட் லிஸ்டைத் தொடக் கூடாது என்றும் அதே ஆண்டு விதி வந்தது. கடன் வாங்கியவரையும் குடும்பத்தாரையும் துன்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் நம்ம தமிழ்நாடு சட்டமன்றமே தனியாக ஒரு சட்டம் நிறைவேற்றியது.

வந்த தேதி, நேரம், பேசிய பேச்சு எல்லாத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மெயில் போட்டேன்: "இவர் இந்த முகவரியில் இல்லை. நாங்கள் ஜாமீன் போடவில்லை. இனி இங்கே வர வேண்டாம். உங்கள் செய்தியை அவருக்குச் சொல்லிவிட்டோம்." முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். விவரம் கேட்க 14448. ஆப் கடன்காரர்கள் படத்தை மாற்றி அனுப்பி மிரட்டினால் 1930, சைபர் குற்ற உதவி எண். வாசலில் வந்து கை ஓங்கினால் உடனே போலீஸ். கட்ட முடியாமல் போனது மட்டுமே குற்றமாகாது. "நாளைக்கு உங்க அப்பாவை அரெஸ்ட் பண்ணுவாங்க" என்று யார் சொன்னாலும் நம்பாதீங்க.

இதெல்லாம் சட்டம் தரும் கவசம். போட்டுக்கோங்க. ஆனா கவசம் போட்டுட்டதாலேயே கேள்வி முடிஞ்சு போகலை.

பாதயாத்திரை கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, அம்மா மெதுவாக ஒரு விஷயம் சொன்னாங்க. அந்த 1,80,000-ல் 45,000 ரூபாய் அப்பாவின் ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த பணம். அண்ணன் அனுப்பியது. சம்பளத்தில் அனுப்புறான் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மீதியில் கொஞ்சம் பைக்குக்குப் போச்சு. பெரும்பகுதி ஆன்லைன் ரம்மியில் போச்சு.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரலை. சட்டப்படி ஒரு ரூபாய்கூட எங்கள் கடன் இல்லை. ஆனால் அப்பா வயிற்றில் இருக்கும் தையலுக்கு யார் கடன்பட்டது? யாக்ஞவல்கியர் வைத்த அந்த விதிவிலக்கு ஞாபகத்துக்கு வந்தது: குடும்பத்துக்காக வாங்கியது ஒழிய. ரம்மியில் விட்டதற்கு நான் பொறுப்பில்லை என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, ஆபரேஷன் பணத்துக்கும் பொறுப்பில்லை என்று சொல்ல நாக்கு எழலை. காகிதத்தில் பேர் இல்லாத கடன்களும் இருக்கு உறவுகளே. அதை வந்து கேட்க ஆள் வர மாட்டான். நாமளாத்தான் கணக்குப் பார்க்கணும்.

45,000 ரூபாயை நான் கட்டினேன். வாசலுக்கு வந்தவர் கையில் ஒரு பைசா கொடுக்கவில்லை. அண்ணனிடம் முதலில் சொல்லிவிட்டு, அவனுடைய லோன் கணக்குக்கே நேராகச் செலுத்தி ரசீது வாங்கினேன். "இது உனக்குச் செய்யிற உதவி இல்லண்ணா, அப்பாவுக்காக நீ பட்டதுல எங்க பங்கு. மீதி உன்னுடையது. அதுக்கு நான் தர மாட்டேன்" என்றேன். போனில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

அருணகிரிநாதரின் கதையாக வழிவழியாகச் சொல்லப்படுவதை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீங்க. அக்கா தன்னிடம் இருந்ததை எல்லாம் தம்பிக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கொடுத்த எதுவும் அவரைத் திருத்தவில்லை. இனிக் கொடுக்க ஒன்றுமில்லை என்ற நாளில் வந்த வெட்கம்தான் அவரை உலுக்கியது. ஆனால் அந்த வெட்கத்தில் அவர் நேராக எங்கே போனார்? திருவண்ணாமலைக் கோபுரத்தின் உச்சிக்கு. அங்கே தாங்கிப் பிடிக்க முருகன் கை இருந்தது.

இந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, "கொடுக்காதே, அப்பதான் திருந்துவான்" என்று நிறுத்திவிடக் கூடாது. கடன் வெட்கம் ஆளைக் கொல்லும். ஆப் கடன் மிரட்டலில் உயிரை விட்ட பிள்ளைகளின் செய்தியை நாம் படித்திருக்கிறோம். அதனால் "தர மாட்டேன்" என்று சொன்ன அதே மூச்சில் நான் இன்னொன்றும் சொன்னேன்: "கடன் உன்னுடையது. நீ எங்களுடையவன். எந்த ராத்திரியும் போன் பண்ணு." கடனைத் தாங்க வேண்டியதில்லை. ஆளைத் தாங்கணும். உங்களில் யாராவது இப்போ அந்த இருட்டில் நின்னுக்கிட்டு இருந்தால், தயவுசெய்து வீட்டில் ஒருத்தரிடம் வாயைத் திறந்து சொல்லுங்க. 104-க்கோ 14416-க்கோ அழைத்தாலும் பேச ஆள் இருக்காங்க. லட்ச ரூபாயோ பத்து லட்சமோ, உயிர் கொடுத்து அடைக்கிற கடன் எதுவும் இல்லை.

வாசலுக்கு வந்தவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கத்தினவர் ஒருத்தர். ஆனால் கடைசியாக வந்த பையனுக்கு என் வயசுதான் இருக்கும். உச்சி வெயிலில் வண்டியை நிறுத்திட்டு, "அக்கா, எனக்கும் டார்கெட் இருக்கு, வசூல் ஆகலேன்னா என் சம்பளத்துல கை வைப்பாங்க" என்றான். அம்மா ஒரு செம்பு மோர் கொடுத்தாங்க. முகவரி கொடுக்கவில்லை. இது ரெண்டும் சேர்ந்து நடக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். உரிமையை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு, எதிரில் நிற்பவனை மனுஷனாகப் பார்க்காமல் இருக்கணும் என்று அவசியமில்லை.

தைப்பூசத்துக்கு நடந்தோம். திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். போற வழியில் நான் அம்மாவிடம் கேட்டேன், "இவ்வளவு பண்ணிட்டுப் போனவன் மேல உனக்குக் கோவமே இல்லையாம்மா?" அம்மா காலில் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாங்க: "இருக்கு. இருந்தா என்ன? கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போன பிள்ளையைத் தேடித்தானே இத்தனை பேரும் நடந்து போறோம்."

ஒட்டன்சத்திரத்தில் அண்ணன் வந்து நின்னான். அப்பாவிடம் பேசவில்லை. அம்மாவின் பையை மட்டும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அடுத்த வாரம் அவனே நிறுவனத்துக்குப் போன் செய்து, தவணையை நீட்டித்து எழுதி வாங்கினான். ஆதாரில் முகவரியை மாற்றினான். அப்பாவும் அவனும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. கடன் இன்னும் முடியலை, பதினோரு தவணை பாக்கி. முடிஞ்சதும் "பாக்கி இல்லை" என்ற சான்றிதழை மறக்காமல் வாங்கிடு என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கேன். ரம்மி ஆப்பை என் கண்ணு முன்னாடி அழித்தான். திரும்பப் போடமாட்டான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

உங்கள் வாசலுக்கு இப்படி யாராவது வந்து நின்றால், பயத்தில் பொய் சொல்லாதீங்க, பயத்தில் பணமும் கொடுக்காதீங்க. காகிதத்தைக் கேளுங்க. செய்தியைச் சேர்த்துடுங்க. எல்லாரும் போன பிறகு, ராத்திரி தனியாக உட்கார்ந்து ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கோங்க: இந்தக் கடனில் நான் சாப்பிட்ட பங்கு ஏதாவது இருக்கா? இருந்தால் அதைக் கட்டுங்க. இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்குங்க. ஆனால் போன் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். போனவன் எந்நேரமும் கூப்பிடலாம்.

முருகா சரணம்.